ஊசி மெசின் அக்கா

அந்த அக்காவின் உடம்பில் ஒரு பின், ஒரு கொக்கி இருந்ததில்லை. சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகியிருப்பார். சட்டைக்குக் கொக்கி கிடையாது, துணியிலேயே முடிச்சுப்போட்ட பொத்தான்கள். தலைமயிரைக் கட்ட வெட்டுத்துணியில் கிழித்த நாடா. கையில் இரண்டு பிளாஸ்டிக் வளையல். ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைச் சந்தையில் மரக்கறி வாங்கும்போது கண்டாலும் அதே கோலம்தான்.

"இண்டைக்கு லீவுதானே அக்கா, ஒரு பின்னைக் குத்தினால் என்ன? முந்தானை நிக்குதில்லையே" என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னைக்கிக் குத்துனா கை பழகிரும். நாளைக்கி மறந்துபோயி குத்திக்கிட்டே வந்து நிப்பேன்" என்றார்.

நான் ஒருகொடவத்தையில் ஒரு காமன்ட் தொழிற்சாலையில் தைத்த காலத்தில்தான் அவரைத் தெரியும். கைக்குழந்தைகளின் உடுப்பு மட்டும் தைக்கிற இடம் அது. பனியன், தொப்பி, காலுறை வைத்த காற்சட்டை, எல்லாம் வெளிநாட்டுக்குப் போகும். அக்காவின் வேலை கடைசி வேலை. தைத்து, அயன் பண்ணி, மடித்த உடுப்பெல்லாம் பெட்டிக்குள் போவதற்கு முதல் அவருடைய மெசினுக்குள்ளால் போய் வர வேண்டும். உடைந்த ஊசித் துண்டு ஏதும் துணிக்குள் கிடக்கிறதா என்று பார்க்கிற மெசின். நாங்கள் அதை ஊசி மெசின் என்போம். போகப் போக அக்காவுக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு அறையில் இருந்தார். அதற்குமேல் அவருடைய கதை எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை.

அவரை முதன்முதல் கண்ட நாளில் எனக்கு அவரில் கோபம் வந்தது. பெட்டி கட்டுகிற அறைக்கு ஒரு பண்டிலைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். வாசலில் தரையில் மஞ்சள் கோடு ஒன்று கீறியிருந்தது. நான் அதைத் தாண்டப்போக, கையை நீட்டி மறித்தார்.

"சேப்டி பின் இருக்கா?"

இருந்தது. ஒன்றல்ல, நாலு. நாலாவது பின்னில் சட்டைக்கு உட்புறம் மாதா மெடல் ஒன்றைக் கோத்துக் குத்தியிருந்தேன். கலியாணத்தன்று அம்மா குத்திவிட்டது. அதைக் கழற்ற மாட்டேன் என்றேன். அவர் மெடலை விரலால் தூக்கிப் பார்த்தார். பின்னைக் கழற்றித் தன் பக்கத்தில் இருந்த டப்பாவில் போட்டார். மெடலை என் உள்ளங்கையில் வைத்தார்.

"சாமி அலுமினியம். அவரு உள்ள வரலாம். பின்னு வெளிய நிக்கட்டும்."

பிறகு தன்னுடைய நாடாவில் ஒரு துண்டைக் கிழித்துத் தந்தார், மெடலைக் கழுத்தில் கட்டிக்கொள்ள. இன்றைக்கும் அந்த மெடலை நான் துணி நாடாவில்தான் கட்டியிருக்கிறேன். நாடா மட்டும் பல தரம் மாறிவிட்டது.

அந்த மெசினைப்பற்றி நான் அறிந்ததெல்லாம் அவரிடமும், அதைத் திருத்த வருகிற மனிதரிடமும் கேட்டு அறிந்தது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுக்க வேண்டும். ஒரு நீளமான மேசை. அதன்மேல் ஓடுகிற பட்டி. நடுவில் சிறு குகைபோல ஒரு பெட்டி. பெட்டிக்குள்ளே காந்தம். இரும்பு உள்ளே போனால் காந்தத்தின் ஓட்டம் கொஞ்சம் குலையும். சுற்றியிருக்கிற கம்பிச் சுருள் அந்தக் குலைவை உணர்ந்ததும் மணி அடித்து, பட்டி நின்று, உடுப்பைப் பின்னுக்குத் தள்ளிவிடும். இரும்புக்கும் உருக்குக்கும்தான் இப்படி. தங்கம், செம்பு, பித்தளை, அலுமினியம் போனால் அதற்குத் தெரியவே தெரியாது. கடை வாசலிலும் கோயில் வாசலிலும் இப்போது கையில் ஒரு கருவியைப் பிடித்து எங்களைத் தடவுகிறார்களே, அது வேறு இனமாம். அது எந்த உலோகத்துக்கும் சத்தம் போடும். அதற்குத் தாலியும் ஒன்று, சோடாப் போத்தல் மூடியும் ஒன்று.

அக்காவிடம் ஒரு பிளாஸ்டிக் அட்டை இருந்தது. அதற்குள்ளே கடுகிலும் சிறிய இரும்புக் குண்டு ஒன்று பதித்திருக்கும். மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அந்த அட்டையை மெசினுக்குள் விடுவார். ஒரு தரம் விட்டால் போதாது. இடப்பக்கம், நடு, வலப்பக்கம். பிறகு அதே மூன்றையும் கொஞ்சம் உயரத்தில், பிறகு இன்னும் உயரத்தில். ஒன்பது தரமும் மணி அடித்தால்தான் கொப்பியில் குறிப்பார்.

"நடுவுலதான் இதுக்குக் காது மந்தம்" என்பார். வயதான மாமியாரைப்பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

உடுப்பையும் அப்படித்தான். முதலில் நீளவாக்கில் வைத்து விடுவார். அது சத்தமில்லாமல் வெளியே வந்ததும் எடுத்து, குறுக்காகத் திருப்பி வைத்து மறுபடி விடுவார். இரண்டு தரம் விட வேண்டுமென்று சுவரிலும் எழுதித்தான் இருந்தது. அவசர நாட்களில் அந்த எழுத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பார்.

"ஏன் அக்கா மினக்கெடுறீங்க? அதுதான் மெசின் பேசாமல் விட்டிட்டுதே."

"ஊசி படுத்திருக்கிற பக்கத்தப் பொறுத்தது தங்கச்சி. ஒரு பக்கமாப் படுத்திருந்தா இதுக்குத் தெரியும், அடுத்த பக்கமாப் படுத்திருந்தா தெரியாமயும் போகும். இது பேசலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தமில்ல. இதுக்குக் கேக்கல, அவ்வளவுதான்."

இதுதான் அவருடைய குணம். மெசின் சொன்னதை மறைக்க மாட்டார். மெசின் சொல்லாததைத் தானாகக் கூட்டிச் சொல்லவும் மாட்டார். இதனால் அவரோடு கதைப்பதற்கே சிலர் பயந்தார்கள்.

எங்கள் லைனில் ஒரு பிள்ளைக்குக் கலியாணம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் சங்கிலி போட்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் விளையாட்டுக்கு அதைக் கழற்றி மெசினில் வைத்தார்கள். மணி அடித்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"அடியே, உனக்கு இரும்புச் சங்கிலி போட்டிருக்காங்களே. மாப்பிள்ளை என்ன, ஹாட்வெயார் கடையா வச்சிருக்கிறார்?"

பிள்ளையின் முகம் சுருங்கிப்போயிற்று. அக்கா சங்கிலியை எடுத்து, பூட்டு இருக்கிற முனையைக் கைக்குள் பிடித்துக்கொண்டு மற்றதை மட்டும் பெட்டியின் வாய்க்குள் நீட்டினார். சத்தமில்லை.

"பூட்டுக்குள்ள சின்னதா ஒரு ஸ்பிரிங் இருக்கு. அது உருக்கு. நல்ல தங்கத்துக்கும் அதத்தான் போடுவாங்க. சங்கிலியில இரும்பு இல்ல."

பிள்ளைக்கு மூச்சு வந்தது. "அப்ப தங்கம்தானே அக்கா?" என்று கேட்டாள். எங்களுக்கெல்லாம் ஓம் என்று சொல்லிவிட்டால் என்ன என்றிருந்தது. அவர் சங்கிலியை அவளுடைய கழுத்தில் போட்டு, பூட்டைக் கொளுவிவிட்டு, "இரும்பு இல்லன்னுதான் இது சொல்லுது. தங்கமான்னு இதுக்குத் தெரியாது. தெரியாதத நான் எப்புடிச் சொல்றது?" என்றார். அந்தப் பிள்ளை அன்றைக்குப் பின்னேரம் வரை அவரோடு கதைக்கவில்லை.

இனி என்னுடைய பிழைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவரைப்பற்றி எழுதினால் அது பாதி உண்மைதான்.

தைக்கும்போது ஊசி உடைந்தால் கையை உயர்த்த வேண்டும். உடைந்த துண்டெல்லாவற்றையும் பொறுக்கி, ஒரு முழு ஊசியாகப் பொருத்தி, சுப்பவைசர் மிஸ்ஸிடம் காட்ட வேண்டும். அவர் அதைக் கொப்பியில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார். ஒரு துண்டு குறைந்தாலும் லைன் நிற்கும். மேசை, தரை, துணி, எங்களுடைய மடி, எல்லாம் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அன்று தைத்த பண்டிலெல்லாம் திரும்பி வரும். லைனில் இருக்கிற மற்றவர்கள் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பார்வை போதும்.

அதனால் எங்களில் சிலர் ஒரு களவு செய்தோம். எப்போதாவது பழைய ஊசி முனை ஒன்று தரையில் அகப்பட்டால் அதைக் கொடுக்காமல் நெருப்புப்பெட்டிக்குள் போட்டு மெசினின் லாச்சிக்குள், அந்தச் சின்ன இழுப்பறைக்குள், ஒளித்து வைப்போம். துண்டு குறைகிற நாளில் அதைப் பொருத்திக் காட்டலாம். ஒரே நம்பர் ஊசிதானே, வித்தியாசம் தெரியாது. நானும் ஒரு முனை வைத்திருந்தேன். பூசைக்குத் தவறாமல் போகிறவள்தான் நான். அதை ஒரு பாவமென்று அப்போது நினைக்கவில்லை.

எங்கள் பங்குக் கோயில் திருநாளுக்கு முதல்நாள். பின்னேரம் ஐந்தரைக்கு வெஸ்பர் என்கிற மாலைச் செபம். அந்த வருடம் என் மகன் பீடத்தில் உதவி செய்யப்போகிற முதல் திருநாள். கட்டின பெட்டிகள் மூடுகிற வரைக்கும் லைனில் ஒருவரும் எழும்ப முடியாது. பிழையென்று திரும்பி வருவதைத் திருத்த ஆள் வேண்டுமே. சாப்பாட்டு மணிக்கு அக்காவிடம் போனேன்.

"அக்கா, இண்டைக்கு மட்டும் ஒரு தரம் விடுங்க. நாலு மணிக்கு எழும்பினால்தான் நான் வெஸ்பருக்குப் போகலாம். மகன் உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு பாத்துக்கொண்டு நிப்பான்."

அவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். நான் இன்னும் கெஞ்சினேன். சுப்பவைசர் மிஸ் களனியிலிருந்து வருகிற சிங்களப் பெண், அவருக்கும் நேரத்துக்குப் போக வேண்டியிருந்தது போல. "அக்கே, சரிதானே, இன்னைக்கு மட்டும்" என்று அவரும் வந்து நின்றார். "கன்டேனர் எட்டு மணிக்கு."

"சாமி காரியம்ங்கிற" என்றார் அக்கா என்னைப் பார்த்து. "சரி. போயிட்டு வா."

மூன்று மணிக்கு என் ஊசி உடைந்தது.

முனை இல்லை. மடியில் இல்லை, மேசையில் இல்லை. சுவரில் மணிக்கூடு. கையை உயர்த்தினேன். மற்றக் கை லாச்சிக்குள் போயிற்று. மிஸ் வந்தபோது உடைந்த ஊசி முழுசாக இருந்தது. அவர் பார்த்தார், ஒட்டினார், புது ஊசி தந்தார். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. நாலு மணிக்கு, கடைசிப் பெட்டி மட்டும் மிச்சமிருக்க, எழும்பிவிட்டேன். போகும்போது பெட்டி கட்டுகிற அறையைப் பார்த்தேன். வெள்ளைப் பனியன்கள் ஒவ்வொன்றாக, ஒரே ஒரு தரம், மெசினுக்குள் போய் வெளியே வந்துகொண்டிருந்தன.

கோயிலில் எனக்கு முன் வரிசை வாங்கில் ஒரு தாய் கைக்குழந்தையோடு இருந்தாள். பிறந்து மூன்று மாதம் இருக்காது. குழந்தை தோளில் கிடந்து என்னைப் பார்த்தபடி இருந்தது. வெள்ளைப் பனியன். கழுத்தடியில் தையல் தெரிந்தது. நாங்கள் தைக்கிற அதே தையல். சுவாமி செபத்தைத் தொடங்கினார், மகன் தூபக் கலசத்தோடு வந்து நின்றான். நான் அவனைப் பார்க்கவில்லை. குழந்தையின் கழுத்தைத்தான் பார்த்தேன். அது சிணுங்கத் தொடங்கியது. பசியாக இருந்திருக்கும். தாய் தட்டிக்கொடுத்தாள். அவள் தட்டுகிற ஒவ்வொரு தரமும் எனக்கு எங்கோ குத்தியது.

இரண்டாம் சங்கீதம் முடிய முதல் எழும்பினேன். பக்கத்தில் இருந்த என் மனுசனிடம், "மகனைக் கூட்டிக்கொண்டு போங்க" என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் செபமாலை சொல்லப் பார்த்தேன், எண்ணிக்கை தவறித் தவறிப் போனது.

போய்ச் சேரும்போது ஏழு மணி ஆகவில்லை. பெட்டியெல்லாம் டேப் ஒட்டி வாசலோரம் அடுக்கியிருந்தது. அக்கா மெசினைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோயில் சேலையோடு என்னைக் கண்டதும், "பின்னு இருக்கா?" என்று கேட்டார், வழக்கம்போல.

எல்லாவற்றையும் சொன்னேன். நெருப்புப்பெட்டி வரைக்கும். அழுகை வந்தது. அவர் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது.

"எத தச்சிக்கிட்டிருந்த?"

"தோள் மூட்டு, அக்கா."

துணியைக் கீழே வைத்தார். அடுக்கில் மேலே இருந்த, மூன்று மணிக்குப் பிறகு கட்டின ஐந்து பெட்டிகளையும் இறக்கி, டேப்பைக் கிழித்தார். சத்தம் கேட்டு மிஸ் ஓடி வந்தார். அவரும் இன்னும் போகவில்லை.

"அக்கே, என்ன இது? மெசின் பாஸ் பண்ணினதுதானே. சீல் பண்ணியாச்சு. இன்னும் கொஞ்சத்தில லொறி வரும்."

"மெசின் ஒண்ணும் சொல்லல மிஸ். இந்தப் புள்ள சொல்லுது" என்றார் அக்கா.

பிறகு அட்டையை எடுத்து ஒன்பது தரம் விட்டார். லொறி வரப்போகிற அந்த அவசரத்திலும் ஒன்பது தரம். நான் பனியன்களை விரித்துக் கொடுத்தேன். அவர் குறுக்காக வைத்து விட்டார். மிஸ் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார், பிறகு வந்து மறுபக்கத்தில் நின்று மடிக்கத் தொடங்கினார். முதல் பெட்டி முடிந்தது. இரண்டாவதும். மெசினுக்குப் பக்கத்தில் நின்றால் மூச்சுக்கூடச் சத்தமாகக் கேட்கும்.

நாலாவது பெட்டியில் மணி அடித்தது. பட்டி நின்றது.

அக்கா அந்தப் பனியனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணுக்கு ஒன்றுமில்லை. தோள் மூட்டை விரல் நுனியால் தடவிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தினார். தையலை வெட்டிப் பிரித்தார். மடிப்புக்குள்ளே, தையலோடு தையலாக, நீளவாக்கில் படுத்திருந்தது. நகத்தில் பாதிகூட இல்லை. அதை அவர் என் கையில் தரவில்லை. கொப்பியில் வைத்து டேப் ஒட்டினார். ஒட்டிவிட்டுப் பேனையை எடுத்தார்.

"அக்கே, எழுத வேணாம்" என்றார் மிஸ் மெல்ல. "கிடைச்சிருச்சிதானே. நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்."

"கெடச்சிருச்சி. அதான் எழுதணும்."

எழுத்துக்கூட்டி மெதுவாக எழுதினார். முதல் வரியில் தன்னுடைய பெயர்: ஒரு தரம் மட்டும் விட்டேன். அதற்குக் கீழே என் பெயர்: முனையை மாற்றி வைத்தார், தானாக வந்து சொன்னார். என்னுடைய பெயரை எழுதியது எனக்குத் துக்கமாக இருக்கவில்லை. நான் கெஞ்சினேன் என்பதை அவர் எழுதவில்லை. மிஸ் சொன்னதையும் எழுதவில்லை. "அதையும் எழுதுங்க அக்கா" என்றேன்.

"நீ கேட்ட. சரின்னு சொன்னது நான்தானே. மெசினுல நின்னது நான்" என்றார்.

திங்கட்கிழமை மனேஜரின் அறையில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் கடும் எச்சரிக்கை என்று ஒரு கடிதம் தந்தார்கள், தானாக வந்து சொன்னபடியால். அக்காவை மெசினிலிருந்து எடுத்து, வெட்டுத்துணி பொறுக்குகிற இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. வேலையை விட்டுவிட்டார்.

அடுத்து வந்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஊசி முனையை மாற்றிக் காட்டிய பொய்யைச் சொன்னேன். "அதனாலே யாருக்காவது தீமை நடந்ததா?" என்று சுவாமி கேட்டார். "குழந்தைகளுக்கு இல்லை சுவாமி. ஒரு ஆளுக்கு நடந்தது" என்றேன். அவர் தண்டனையாகச் செபம் ஒன்றும் தரவில்லை. "போய் அந்த ஆளைப் பாருங்கோ" என்றார்.

போனேன். அக்கா ஊருக்குப் போகப் பை கட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். என்னாலேதான் எல்லாம் என்றேன். உட்காரச் சொல்லித் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். இனிப்புக் கூடிய தேத்தண்ணி.

"நீ வந்து சொல்லாட்டி அன்னைக்கி ராத்திரி நான் நல்லாத் தூங்கியிருப்பேன் தங்கச்சி" என்றார். "வேல போனதுக்குப் பயமில்ல. தெரியாமலே தூங்கியிருப்பேனே, அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

அவர் பையின் வாயை நாடாவால் இறுக்கிக் கட்டினார். கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்த ஆளை விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"ஒங்க திருநாளு நல்லா நடந்துச்சா? மகன் நின்னானா?"

"நின்றவனாம். நான் பாதிக்குத்தான் இருந்தனான் அக்கா."

"அடடா. மிச்சம்?"

"மிச்சத்துக்கு உங்களிட்டத்தானே வந்தனான்" என்றேன்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கினார். அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. "குடிச்சிட்டுப் போ" என்று திருப்பித் தந்தார்.